அக்கா வீட்டுப் படத்தில் என் சைட்போர்டு

திருமணமாகி புனேயின் கட்கிக்கு வந்த இரண்டாவது வருடம், தொண்ணூறுகளின் நடுவில், பக்கத்துப் போபோடியில் ஒரு பழைய மரச்சாமான் கடையில் அதைப் பார்த்தேன். இடுப்பு உயரம், மேலே நீளப் பலகை, கீழே ஆறு இழுப்பறைகள். கடைக்காரர் அதை சைட்போர்டு என்றார். ஏதோ ராணுவ பங்களாவைக் காலி செய்தபோது வந்ததாம். மேலெல்லாம் பச்சைப் பெயின்ட். ஓர் இழுப்பறையின் உட்புறம் மட்டும் பெயின்ட் படாமல் தேக்கு தெரிந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன்.

பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. கணவர் தொழிற்சாலைக்குக் கிளம்பியதும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடுவேன். விரல் நுனி தேய்ந்து, சாயங்காலம் சப்பாத்தி மாவு பிசைந்தால் எரியும். இரண்டு பித்தளைக் கைப்பிடிகள் இல்லை. பல ஞாயிற்றுக்கிழமைகள் ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் அலைந்து, ஏறக்குறைய அதே மாதிரி இரண்டைக் கண்டுபிடித்தேன்.

அதன் பிறகு அந்த மேற்பலகைதான் என் இடம். பருவத்துக்கு ஒரு விதமாக அலங்கரிப்பேன். கோடையில் வெட்டிவேர்ப் பாய், உருளியில் மோக்ரா மல்லிகை. மழை பிடித்ததும் துணிகளை எடுத்துவிட்டு வெறும் மரத்தின் மேல் பெரணிச் செடிகள். தசராவுக்கு ஜெண்டு என்கிற செண்டுமல்லி மாலையும், தங்கமென்று இங்கே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் ஆப்டா இலையும். மார்கழியில் சாணி உருண்டையில் குத்திய பூசணிப் பூ. காயை விட்டுவிட்டுப் பூவை மட்டும் கேட்கிறேனே என்று கட்கி சந்தைக் காய்கறிக்காரி ஒவ்வொரு வருடமும் சிரிப்பாள்.

இதையெல்லாம் ரசித்தவர் இரண்டு தெரு தள்ளி இருந்த, நான் அக்கா என்று கூப்பிட்டவர். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புனேயில் எனக்கென்று கிடைத்த முதல் மனுஷி. பருவம் மாறினால் அவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் எனக்கு முடியாது. ஏன் இந்தப் பூ, ஏன் இந்தப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்க ஓர் ஆள் இருக்கிறாரே என்று நானும் எல்லாம் சொல்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மே மாதம், அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காகத் திருச்சி போய் ஒரு மாதம் இருந்தேன். திரும்பி வந்தபோது இழுப்பறைகளில் சாமான்கள் இடம் மாறியிருந்தன. கணவரிடம் கேட்டேன். ஒழிந்த நேரத்தில் தூசி தட்டி அடுக்கினேன் என்றார். நான் சந்தோஷப்பட்டேன். அவர் அதைத் தொட்டுத் துடைத்தாரே என்று அம்மாவுக்குக் கடிதத்தில்கூட எழுதினேன்.

ஆகஸ்டில் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வீட்டலங்காரப் பத்திரிகை ஒன்றைப் புரட்டினேன். இரண்டு பக்கம் விரித்த படத்தில் என் சைட்போர்டு இருந்தது, அக்கா வீட்டு ஜன்னலுக்குக் கீழே. ஜூனா பஜார் கைப்பிடிகள் இரண்டும் மற்றவற்றைவிடச் சற்றே அகலம்; அதனால் சந்தேகத்துக்கே இடமில்லை. கோடை, மழை, தசரா, மார்கழி என்று நான்கு அலங்காரங்கள். கோத்தகிரி எஸ்டேட்டிலிருந்து தாத்தா கொண்டுவந்த பரம்பரைச் சொத்து என்றும், இப்படிப் பருவத்துக்குப் பருவம் மாற்றுவது தன் பிறந்த வீட்டு வழக்கம் என்றும் அக்கா சொல்லியிருந்தார். பூசணிப் பூவுக்குச் சிரிக்கும் காய்கறிக்காரிகூட அவர் சொன்ன கதையில் இருந்தாள். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் பதறவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கதை வேண்டியிருந்தது, சொன்னேன் என்றார்.

"கண்ணு, நீயா இருந்தா அவங்கள வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்ட. நான் பண்ணுனேன், அவ்வளவுதானுங்க. அதுவும் உன்ற வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணுனேன். டெம்போ வெச்சு எடுத்தாந்து குடுத்ததே அவருதான்."

டீயை வைத்துவிட்டு வந்தேன்.

கணவர் மறுக்கவில்லை. நான் திருச்சியில் இருந்தபோது படம் எடுத்த அன்று முழுக்க அங்கேயே இருந்ததாகவும், தாத்தா கதையை அக்கா சொன்னபோது பக்கத்தில் நின்றதாகவும் சொன்னார். ஒரு சாமானுக்குப் போய் இவ்வளவு பேச்சா என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. என்னிடம் தூசி தட்டினேன் என்று எதற்குச் சொன்னீர்கள் என்றேன். நீ இப்படி ஏதாவது நினைப்பாய் என்றுதான் என்றார்.

அந்த நவராத்திரிக்கும் பிடிவாதமாகச் சைட்போர்டின் மேலேயே கொலு வைத்தேன். தாம்பூலத்துக்கு வந்த நம்மூர்ப் பெண்களில் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "அட, பத்திரிகைல வந்துச்சே, அவங்க வீட்ட பாத்து அப்படியே வெச்சிருக்கீங்க. கைப்பிடிகூட அதே மாதிரி," என்றார். கேலியில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். நான் கணவரைப் பார்த்தேன். சுண்டல் தட்டோடு நின்றவர், இன்னும் கொஞ்சம் எடுத்து வருகிறேன் என்று அடுக்களைக்குள் போய்விட்டார். ஆமாம், படம் நன்றாக இருந்தது என்று நானே சொல்லிவிட்டு அந்தப் பெண்ணுக்குக் குங்குமம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பலகையில் எதுவும் வைக்கவில்லை. தொலைபேசி, பில்கள், பழைய செய்தித்தாள்கள், அவ்வளவுதான். இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. மூன்றாவது வருடம் தசராவன்று, பக்கத்து வீட்டார் கொடுத்த ஆப்டா இலைகளைக் கையில் வைத்துக்கொண்டு, இதை ஏன் சும்மா போட்டிருக்கிறாய் என்று கணவர் கேட்டார். அடுக்களைக்குள் போனீர்களே, அன்றிலிருந்து என்றேன். அவருக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

நான் கேட்காமலேயே தொலைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

"அந்த சைட்போர்டு என் வீட்டுக்காரி தேச்சு எடுத்ததுங்க. அன்னைக்கே நான் சொல்லிருக்கணும். உங்களுக்கும் அது தெரியும்," என்றார்.

அக்கா என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வேறு யாரும் கேட்காத ஓர் அறையில், மூன்று வருடம் கழித்து அவர் அதைச் சொன்னார். ஆறுதலாக இருந்ததா என்றால், இருந்தது. அன்று பத்துப் பெண்களுக்கு நடுவில் என்னைத் தனியே விட்டுப் போனதை அது அழிக்கவில்லை. அவர் தயங்கித் தயங்கி இலைகளைப் பலகையில் பரப்பினார். நான் செய்தித்தாள்களை மட்டும் எடுத்து இலைகளுக்கு இடம் விட்டேன்; பில்கள் அங்கேயே இருந்தன.