தலைப்பாகைக்கு மட்டும் வண்ணக்கர்

படுவான்கரையில் எங்கள் ஊர்க் கோயிலுக்கு வண்ணக்கர் நான். கோயிலின் தலைவர் என்று பொருள். தாய்வழியில் மாமனிடமிருந்து மருமகனுக்கு வருகிற பதவி. அம்மாவின் தம்பி இறந்தபோது எனக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு எந்தத் தலைமையும் வந்திருக்காது.

கோயிலை ஆள்வது செயலாளர் வீடு. தாத்தா செயலாளர், பிறகு அப்பா, இப்போது மகன். சாவி அவர்களிடம், மைக் அவர்களிடம், கோயில் வயலை யார் செய்வது என்ற முடிவும் அவர்களிடம். என்னிடம் தலைப்பாகை. கொடியேற்றத்தன்று அதைக் கட்டிக்கொண்டு நின்று நான் வெற்றிலைத் தட்டை வாங்கிய பிறகுதான் கொடிக்கயிற்றில் கை வைப்பார்கள். குனியும்போது அது விழுந்துவிடுமோ என்று திருவிழாவுக்கு வெகு முன்பே யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.

கட்டாரில் வேலை செய்த காலத்தில் ஒரு நேபாளி என் அறையில் இருந்தான். அவர்கள் நாட்டிலும் முன்பு ஒரு குடும்பம் பிரதமர் பதவியைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்ததாம். அண்ணனுக்குப் பின் தம்பி. நாணயத்தில் ராசாவின் பெயர், உத்தரவெல்லாம் அந்தக் குடும்பத்துடையது. ராசாவுக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைத்ததா என்று கேட்டேன். அதில் குறையில்லை என்றான். பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

போன திருவிழாவுக்கு முன் கோயில் வயலின் குத்தகைக்காரர் என்னைத் தேடி வந்தார். தகப்பன் காலத்திலிருந்து அந்த வயலைச் செய்கிறவர். மாரி விதைப்புக்கு முன் அதைப் பறித்துத் தன் மைத்துனனுக்குக் கொடுக்கப்போவதாகச் செயலாளர் சொல்லிவிட்டாராம்.

"நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போதும் கா."

"நான் சொன்னா ஆர் கேக்கிற?"

"மறுகா நான் ஆருக்கிட்டப் போற? இந்த வட்டையில எனக்கு வேற துண்டு வயலில்ல."

அவர் போனபின் ஒரு யோசனை வந்தது. வயல் பழைய ஆளுக்கே என்றால்தான் கொடியேற்றத்துக்கு வருவேன் என்று சொல்லிவிடுவது. குளிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தேன். கொடியேற்றத்தன்று காலை செயலாளரின் போன் வந்தது.

"வயித்தால அடிக்குது தம்பி, வர ஏலாது," என்றேன்.

"ஐயோ அண்ணன், நீங்க படுங்க. நாங்க பாத்துக்கொள்றம்."

அவர் கொஞ்சமும் பதறவில்லை. நோய் ஒன்றும் இல்லாமலே போய்ப் பாயில் படுத்துக்கொண்டேன்.

நல்ல நேரம் தொடங்கிய பிறகும் மேளம் கேட்கவில்லை. என்னவோ ஏதோவென்று கோயில் வேலிப்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். கொடிமரத்தடியில் என் தங்கச்சியின் மகன் நின்றான். எனக்கு அடுத்த உரிமை அவனுக்கு. இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். அவன் தலைக்கு அளவாக ஒரு தலைப்பாகை கட்டியிருந்தார்கள். அதை அன்று காலை தைத்திருக்க முடியாது. தங்கச்சி அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"நேரம் போகுது தங்கச்சி, புள்ளய விடுங்க," என்றார் செயலாளர்.

"விடுறன். வயல் இந்த மாரிக்கும் பழைய ஆளுக்குத்தான் எண்டு மைக்கில சொல்லுங்க."

"அதக் கூட்டத்தில பேசுவம்."

"அப்ப கொடியையும் கூட்டத்திலயே ஏத்துங்க."

சனம் சிரித்தது. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். செயலாளர் சுற்றிப் பார்த்தபோது வேலிக்கு மேலே என் தலை தெரிந்துவிட்டது.

"இந்தா, வண்ணக்கரே வந்திட்டார்! வாங்க அண்ணன், வாங்க!"

என்னைப் பார்த்து அவர் அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. தங்கச்சியும் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போனால் அவள் பிடித்திருக்கும் கைக்குப் பெறுமதியில்லை. வேலிக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் திரும்பவும் கூப்பிட்டார். நான் அசையவில்லை.

செயலாளர் மைக்கை எடுத்தார். வயல் பழைய ஆளுக்கே என்று, தானே நினைத்து வைத்திருந்ததுபோலச் சொன்னார். மேளம் அடித்தது. மருமகன் தட்டை வாங்கினான், கொடி ஏறியது.

"அடுத்த வருசமும் மருமகனே நிக்கட்டும் அண்ணன், வடிவா இருக்கு," என்றார் செயலாளர் என்னைக் கடக்கும்போது.

"நிப்பான். நானும் நிப்பன்," என்றாள் பின்னால் வந்த தங்கச்சி.

குத்தகைக்காரர் பூசை முடியும்வரை நிற்கவில்லை. வரம்பு கட்டக் கிடக்கு என்று வயலுக்குப் போய்விட்டார்.