கொக்கி தெரிகிற கேமரா

எனக்குக் கேமரா ஆசையெல்லாம் கிடையாது. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருக்கிற வீட்டு மொட்டைமாடியில் நின்றால், என் வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கிற ஃபேக்டரி சிம்னி தெரியும். சிம்னிதான் தெரியும், ஆள் தெரியாது. உச்சியில் ஒரு புள்ளி அசையும். அது இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டியிருக்கிறதா இல்லையா, யாருக்குத் தெரியும்? அடுத்த தெருக்காரர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையான பிறகு என் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. தையல் மிஷினில் உட்காருவேன், ஒரு ஓரம் அடிப்பதற்குள் எழுந்து மாடிக்கு ஓடுவேன்.

"கொக்கி மாட்றியா இல்லியா, உண்மைய சொல்லு" என்று தினமும் பிடுங்குவேன்.

"மாட்டாம இருப்பனா? பேஜாரு பண்ணாதமே" என்பார்.

கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று, திருவள்ளூரில் கல்யாண ஃபோட்டோ எடுக்கிற என் தம்பியை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவன் ஒரு டிஎஸ்எல்ஆரை எடுத்துக் கையில் கொடுத்தான்.

"இதான்க்கா கேமரா. மத்ததெல்லாம் பொம்ம."

"அவ்ளோ தூரம் தெரியுமாடா?"

"அதுக்குத் தனியா லென்ஸ் வாங்கணும்."

அந்த லென்ஸைத் தூக்கிப் பார்த்தேன். அம்மாடி, மணிக்கட்டு விட்டுப்போச்சு. கழற்றி மாட்டும்போது உள்ளே தூசி போகக் கூடாதாம். எங்கள் மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் கருப்பாக எடுப்போம். இது எங்கே உருப்பட?

பக்கத்தில் சூப்பர் ஜூம் கேமரா ஒன்று இருந்தது. லென்ஸ் கூடவே ஒட்டியிருக்கும், கழற்றவே வேண்டாம். கடை வாசலில் நின்று விசையை அழுத்தினேன். ரோட்டுக் கோடியில் நின்ற பஸ்ஸில் கண்டக்டர் காது குடைவது தெரிந்தது.

"இதான்டா எனக்கு."

"முழுசா இழுத்தா படம் புள்ளி புள்ளியா பொரிஞ்சி போவும்க்கா. மொகம் தெளிவா வராது. அப்பால என்னத் திட்டாத."

"மொகம் எனக்கின்னாத்துக்கு? கொக்கி தெரிஞ்சா போதும்."

மறுநாள், "இன்னிக்கி மேலதான் வேல" என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் பிடித்தால் ஆடுகிறது என்று கேமராவைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துப் பார்த்தேன். நீலச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட், கொஞ்சம் தூக்கின இடது தோள், அவரேதான். கொக்கி மாட்டியிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடியவில்லை, ஏணியிலிருந்து தொங்குபலகைக்குத் தாண்டுகிற இடத்தில் கொக்கியைக் கழற்றினார். மாட்டவே இல்லை. காலைத் தூக்கி அந்தரத்தில் வைத்தார்.

என் கை ஃபோனுக்குப் போனது. அடித்தால் அவர் கை பாக்கெட்டுக்குப் போகுமே! ஃபோனைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். நடுவில் பட்டனை அழுத்தியிருக்கிறேன், படம் விழுந்திருந்தது. பலகைக்குப் போன பிறகுதான் மாட்டினார். அன்று முழுக்க ஒவ்வொரு தடவையும் அப்படியே தாண்டினார். உலை வைக்கக்கூட மனசு வராமல் மாடியிலேயே நின்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேமராவை மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"யோவ், இன்னாய்யா இது? என்ன நடுத்தெருவுல வுட்டுட்டுப் போலாம்னு பாக்குறியா?"

உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐயே, இது நான் இல்லமே. ஒடிசாக்காரரு. காலைலயே ஆள மாத்திட்டாங்க. நான் கீழ பெயிண்ட் கலக்கிக்கினு இருந்தேன்."

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவசரமாகச் சோறு பொங்கி ரசம் வைத்துப் போட்டேன்.

"அந்தாளுக்கு அறிவில்லியா? கொக்கியக் கழட்டிட்டுத் தாண்டுறாரு. நீயாவது சொல்லக் கூடாது?"

அவர் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார். "அவர ஏன் திட்ற? அந்த எடத்துல மாட்டறதுக்கு ஒண்ணுமே கெடையாது. எல்லாரும் அப்டித்தான் தாண்டுவோம்."

"நீயும்?"

அப்போதுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கை நின்றுவிட்டது.

"நாளைக்கி யாரு மேல?" என்று கேட்டேன்.

"நான்தான்."

கேமராவை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். ஏணிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு கம்பி, ஒரு வளையம், எதுவாவது இருக்காதா என்று தேடினேன். எல்லாம் புள்ளி புள்ளியாகக் கலங்கிக் கிடந்தது.

"இங்க ஒண்ணு கம்பியாட்டம் தெரியுதே, பாருய்யா" என்றேன்.

அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.