பின்சீற்றுக்கு இரண்டு கைதாங்கிகள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை மொண்டெல்லோ கடற்கரை வீதியில் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு, பின்சீற்றில் இருந்த என் மனைவி மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன்.

விட்டாள். நன்றாகவே விட்டாள். மெல்லிய குறட்டையும் கூட!

பதற வேண்டாம். முதலிலிருந்து சொல்கிறேன்.

நானும் பிலோமினாவும் ஒவ்வொரு வருடமும் திந்தாரி மாதா கோயிலுக்கு மோட்டார் சைக்கிளில்தான் போவோம். நாங்கள் இருக்கும் பலெர்மோவிலிருந்து நூற்றெண்பது கிலோமீற்றர். இதுவரை பதினான்கு தடவை. நீண்ட பயணத்துக்கென்றே செய்த பாரமான வண்டி — நான் எனக்கென்று வாங்கிய ஒரே ஆடம்பரம்.

இந்த வருடம் அவளுக்கு வலது தோள் இறுகிவிட்டது. என் இடுப்பைப் பிடித்தபடி பத்து நிமிடம் இருக்க முடியவில்லை.

"நான் கோயில் ஆக்களோடை பஸ்ஸிலை போறன். நீங்கள் தனிய ஓடி வாங்கோ," என்றாள். ஞாயிறு பின்னேரத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம்.

தனியாகவா? பதினான்கு பயணம் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்து பழகியவன், வெறும் முதுகோடு எப்படிப் போவது?

"பிடிக்காமலே இருக்க ஒரு வழி செய்தால் வருவியோ?"

"செய்யுங்கோ பாப்பம். விழுந்தன் எண்டால் பிறகு உங்களோடை கதைக்க மாட்டன்."

கடையில் விற்கும் கைதாங்கிகள் எதுவும் எங்கள் பழைய வண்டிக்குப் பொருந்தவில்லை. குப்பைத் தொட்டியருகே யாரோ வைத்துவிட்டுப் போன அலுவலக நாற்காலி ஒன்று அகப்பட்டது. அதன் இரு கைகளையும் கழற்றினேன். பிலோமினாவைக் குசினிக் கதிரையில் இருத்தி, முழங்கை உயரத்தைப் பதினொரு தடவை அளந்தேன். ஏன் பதினொன்று? அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழங்கை ஓர் இடத்தில் நிற்கவில்லை.

இரும்புத் தகட்டை வளைத்து, பின்பெட்டியைத் தாங்கும் சட்டத்தோடு எட்டு நட்டுகளால் முடுக்கினேன். மேலே பஞ்சு வைத்து, ஒரு பழைய கைப்பையின் தோலைப் போர்த்தினேன். யாருடைய கைப்பை என்று கேட்காதீர்கள்.

மேல்மாடி இத்தாலிய அம்மா பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன இது, சிம்மாசனமா? பாப்பரசரா ஏறப் போகிறார்?"

"இல்லை சிஞ்ஞோரா. அவரையும் விடப் பெரிய ஆள்."

ஞாயிறு பூசை முடிந்து அந்தப் பெரிய ஆள் வந்து, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இதுக்குள்ளை ஏறுறது எப்பிடி? மேலையிருந்து இறக்கப் போறியளோ?"

அப்போதுதான் உறைத்தது. இரு பக்கமும் கை இருந்தால் காலைத் தூக்கிப் போட எங்கே இடம்? பதினொரு அளவும் கதிரையில் இருக்கிற மனுசிக்கு எடுத்தவை. ஏறுகிற மனுசிக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை!

ஒரு கேற்றுப் பிணைச்சலைப் போட்டு, இடது கைதாங்கியை மேலே தூக்கி மடிக்கும்படி மாற்ற இரண்டு மணித்தியாலம் போயிற்று. ஒருவழியாக ஏறினாள். கடற்கரை வரை ஓடிப் பார்க்கப் புறப்பட்டோம்.

ஹெல்மெட்டுக்குள் பேசுகிற மைக் இருவருக்கும் உண்டு. ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரு தடவை, "நோகுதோ?" என்று கேட்டேன்.

ஐந்து தடவை, "இல்லை." ஆறாவது தடவை, "இல்லையெண்டுறன்!" ஏழாவது தடவை... சத்தமில்லை.

நான் வண்டியை நிறுத்திய இடம் அதுதான்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" கண்ணைத் திறந்து கேட்டாள்.

"நித்திரையோ கொண்டனி?"

"தோள் நோகேல்லை. நோகாட்டில் நித்திரை வரும்தானே?"

கவலைப்படுகிறவனுக்கு வெற்றியும் ஒரு கவலைதான். வலிக்காத கைதாங்கி செய்தேன்; வலி போனதும் தூக்கம் வந்துவிட்டது. கைதாங்கி சாய்ந்துகொள்ளத்தான், தூங்குகிறவளைப் பிடித்து வைத்திருக்க அதற்குத் தெரியுமா? ஒரு வளைவில் சரிந்தால்?

நானே வாய் திறந்து சொன்னேன். "பிலோ, நீ பஸ்ஸிலையே போ."

"என்ன? என்ரை கைப்பையையும் வெட்டி இந்தக் கதிரையைச் செய்துபோட்டு, இப்ப பஸ்ஸிலை போகட்டாம்!" கைதாங்கியில் ஒரு தட்டுத் தட்டினாள். "சரி, ஒண்டு செய்வம். நான் செபமாலை சொல்லிக்கொண்டு வாறன். ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே'க்கும் முதல் பாதி நான், மற்றப் பாதி நீங்கள். என்ரை பாதி கேக்காட்டில் உடனை நிப்பாட்டுங்கோ."

திரும்பி வரும் வழி முழுக்க அப்படியே சொல்லிப் பார்த்தோம். ஓரிடத்தில்கூட அவள் குரல் நிற்கவில்லை. பின்னேரம் கோயிலுக்குத் தொலைபேசி எடுத்து, தனக்குப் பஸ்ஸில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று 'அருள் நிறைந்த மரியே'. என் வேகத்துக்குத் திந்தாரி போய்ச் சேர எட்டுச் செபமாலை பிடிக்கும். ஆக, நானூற்று இருபத்து நான்கு. திரும்பி வர இன்னும் ஒரு நானூற்று இருபத்து நான்கு.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு, நான் விரும்பிப் போய்க் கதவைத் தட்டினாலும் நரகத்தில் என்னைச் சேர்க்க மாட்டார்கள்!