நூறு வாட்ஸ் பல்பும் என் நாலாவது பேண்டும்

இதுவரை நான்கு ராக் பேண்டுகளில் பாடிக் கிட்டார் வாசித்திருக்கிறேன். நான்கும் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே பிறந்தவை. முதல் மூன்றும் அங்கேயே செத்தும் போயின.

முதலாவது, அருவங்காட்டில் எங்கள் சர்ச் வாலிபர் குழு. கிறிஸ்துமஸ் பாட்டுக்காக ஆம்ப்ளிஃபையரைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாக உருட்டிக்கொண்டு போனோம். மூன்றாவது வீட்டு ஏற்றத்தில் வண்டி எங்களை விட்டுவிட்டுத் தனியாகக் கீழே போய்விட்டது. அதன்பின் சர்ச் போதகர் ஐயர் எங்களுக்குத் தபேலாவோடு சரி என்று சொல்லிவிட்டார். இரண்டாவது பேண்டில் சேர்ந்தவன் எல்லாம் ஆறு மாதத்தில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விடுவான். கடைசியில் மிஞ்சியது நானும் மைக்கும்தான். மூன்றாவது, ஊட்டியில் ஒரு ரிசார்ட்டுக்காக. ராக் பாட வந்தவன் ஒரு சீசன் முழுக்கப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடினேன்.

இத்தனை வருடத்தில் நானே எழுதிய பாட்டு ஒன்றைக்கூட மேடையில் முழுசாகப் பாடியதில்லை. வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும்.

அப்பா அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லா நிகழ்ச்சிக்கும் வருவார். இரண்டு காதிலும் பஞ்சு, அதற்கு மேல் மங்கி கேப். முடிந்ததும் "சத்தம் ஜாஸ்திடா" என்பார். அவ்வளவுதான் விமர்சனம்.

நாலாவது பேண்டுக்குத்தான் அந்த வாய்ப்பு வந்தது. குன்னூரில் ஒரு மத்தியான நிகழ்ச்சி, சொந்தப் பாட்டு மட்டும். காலையில் ஃபேக்டரிச் சங்கு கேட்டு எழுந்து வேலைக்குப் போகும் ஒரு மனிதரைப் பற்றி நான் எழுதி வைத்திருந்தேன். யார் அந்த மனிதர் என்று வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் மாத மழை. எங்கள் ஊரில் அலமாரிக்குள் சின்னதாக ஒரு குண்டு பல்ப் எரியாவிட்டால் கோட்டு, செருப்பு, பைபிள் எல்லாவற்றிலும் பூசணம் பூத்துவிடும். என் மரக் கிட்டாரும் அந்த அலமாரியில்தான் தூங்கும். அன்று எடுக்கும்போது தோசைக்கல் மாதிரிச் சுட்டது. அவசரத்தில் நான் யோசிக்கவில்லை.

மேடையில் இரண்டாவது வரி பாடும்போது 'டப்' என்று ஒரு சத்தம். கம்பிகளை இழுத்துப் பிடித்திருந்த கட்டை, பசை இளகி, பிய்த்துக்கொண்டு வந்து என் தாடையில் அடித்தது. இதுவும் ராக்கில் ஒரு வகை என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். என் கிட்டார் சைகை கொடுத்தால்தான் மற்ற மூவரும் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. சைகை வரவில்லை, அவர்களும் வரவில்லை. கட்டுப்பாடான பையன்கள்! வேறு வழியில்லாமல் வெறும் குரலில் முழுப் பாட்டையும் பாடி முடித்தேன்.

வெளியே டீக்கடையில் அப்பா நின்றிருந்தார். உடைந்த கிட்டாரைப் பக்கத்தில் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பல்ப் ப்யூஸ் போயிருச்சுடா. கடையெல்லாம் எல்இடிதான் இருக்குது, அதுல சூடே வராது. தேடிப் புடிச்சு ஒண்ணு வாங்கியாந்து மாட்டுனேன்."

"எத்தனை வாட்ஸுங்கப்பா?"

"நூறு. உம்பட கிட்டாருக்குப் பூசணம் புடிச்சிரக் கூடாதுல்ல?"

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கோட்டுப் பையிலிருந்து இரண்டு பஞ்சு உருண்டைகளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"நாலு பேண்டுலயும் இன்னைக்குத்தான் நீ என்ன பாடறேன்னே எனக்குக் கேட்டுது" என்றார். டீயை ஆற்றிக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சங்கு ஒருக்கா இல்லடா, ரெண்டு வாட்டி ஊதும். முதச் சங்குக்கு நான் எந்திரிச்சதே இல்ல. அடுத்த தடவை மாத்திப் பாடு."