அடைக்காத ஓட்டை

ஜன்னல் கம்பிக்கு வெல்டு வைக்க அந்தப் பட்டறைக்குப் புதிதாக யார் போனாலும், கண் முதலில் போவது அலமாரியில் இருக்கும் கால்பந்துக் கோப்பையின் மேல்தான். பட்டறைக்காரன் நெட்டை அதைப் பளபளவென்று துடைத்து வைத்திருப்பான். அடியில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பட்டதாரி இளைஞன் ஒருவனும் அதைத்தான் கேட்டான்.

"ஊர் ஓட்டையெல்லாம் அடைக்கறீங்க, இதை விட்டுட்டீங்களே?"

"அது நான் போட்ட ஓட்டை சார்," என்றான் நெட்டை, முகமூடியைத் தூக்கிவிட்டு.

அது அவன் கிளப் முதன்முதலில் ஜெயித்த கோப்பை. அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அணி ஜெயிக்கும் நாளில், புதிதாகச் சேர்ந்த பையன் அந்தக் கோப்பை நிறைய மதுவை மடமடவென்று காலி செய்ய வேண்டும். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். சுற்றி நின்று கைதட்டுவார்கள், அவ்வளவுதான். பதினாறு வயதுக்கு அது போதாதா? வாங்கித் தருகிறவர் கிளப் செயலாளர். துணிக்கடைக்காரர், பையன்களுக்கு மாமா, பூட்ஸ் வாங்கிக் கொடுத்து வளர்க்கும் தங்கமான மனுஷன். தன் பதினாறில், காலையிலிருந்து எதுவும் இறங்காத வெறும் வயிற்றில், நெட்டை அதைக் குடித்தான்.

பிறகு அந்தக் கதையை அவனே சொல்லிச் சொல்லிக் காவியமாக்கினான். "காலி பண்ணிட்டு, கோப்பையையே தலகாணியா வெச்சுத் தூங்கினேன்ல!" வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் சிரிப்பார்கள். அம்மா மட்டும் அந்த நேரம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அதிகம் சிரித்தவன் தம்பி. சம்பவம் நடந்த வாரம் முழுக்க அவன் அத்தை வீட்டில் இருந்தான். கதை மட்டுமே தெரியும்.

மூன்று வருடம் கழித்துத் தம்பிக்கும் பதினாறு. அவனும் அணியில் சேர்ந்தான். நெட்டைதான் கோல்கீப்பர், கேப்டனும்கூட. இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்க, குளியலறைப் பக்கம் 'மொடக் மொடக்' என்று சத்தம். எட்டிப் பார்த்தான். சுவரில் கடிகாரத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தம்பி ஒரு ஜக் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான். கண் இரண்டும் பிதுங்கியிருந்தன.

"என்னடா பண்றே?"

"பிராக்டிஸ்ணே. நீ ரெண்டு மூச்சுல குடிச்சியாம், மாமா சொன்னார். நான் ஒரே மூச்சு."

"முதல்ல ஜெயிக்கணும்டா."

"நீ கோல் விட்டுடுவியா என்ன?"

"வேணாம்டா. குடிக்காதே."

"நீ குடிச்சப்போ இனிச்சுதாக்கும்!"

வேண்டுமென்றே ஒரு கோல் விட்டால் என்ன என்றுகூட யோசித்தான். மனசு வரவில்லை. மறுநாள், பாலிஷ் போடுகிறேன் என்று கோப்பையைத் தான் அப்போது வேலை செய்த பட்டறைக்குக் கொண்டுபோய், அடியில் டிரில் மெஷினை வைத்து அழுத்தினான்.

ஜெயித்தார்கள். மைதான ஓரத்தில் வட்டம் கூடியது. மாமா தம்பி கையில் கோப்பையைக் கொடுத்து ஊற்றினார். ஊற்றியது அத்தனையும் அவருடைய வெள்ளைச் செருப்பில் கொட்டியது.

"அய்யய்யோ, கோப்பைக்கே சர்க்கரை வியாதிடா, நிக்க மாட்டேங்குது!" என்றான் ஒருவன். ஒரே சிரிப்பு. நெட்டையும் சிரித்தான், தப்பித்தோம் என்று.

தம்பி ஓட்டைக்கு விரல் கொடுத்தான். "ஊத்துங்க மாமா. நான் அடைச்சுக்கறேன்."

கைதட்டல் இரண்டு மடங்கானது. கோப்பை விளிம்பு வரை நிறைந்தது. ஒரு துளி சிந்தவில்லை. இரும்பில் ஓட்டை போடத் தெரிந்தவனுக்கு அந்த விரலை என்ன செய்வதென்று தெரியவில்லை. கோப்பை தம்பியின் வாய்க்குப் போகும்போதுதான் அவனுக்குக் குரல் வந்தது.

"நான் கோப்பையைத் தலகாணியா வெச்சுத் தூங்கலடா!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"வாந்தியிலயே முகம் புதைஞ்சு கெடந்தேன். ஆஸ்பத்திரில மூக்குல குழாய். படுத்த துணியிலயே எல்லாம் போச்சு. அம்மாதான் கழுவினாங்க, 'மூச்சு விடுடா, மூச்சு விடுடா'ன்னு சொல்லிக்கிட்டே. ரெண்டு நாள் கழிச்சு இவங்கல்லாம் வந்து 'சிங்கம்டா நீ'ன்னாங்க. எனக்கு அந்தப் பேரு பிடிச்சுப்போச்சுடா. வேற ஒண்ணும் இல்ல."

கைதட்டல் நின்றது. தம்பி கோப்பையை இறக்காமல் அவனையே பார்த்தான்.

"அதான் அம்மா எழுந்து போயிடுவாங்களாண்ணே?"

நெட்டை தலையாட்டினான். தம்பி விரலை எடுத்தான். மது புல்லில் இறங்கித் தீர்ந்தது.

பந்தைப் பாய்ந்து பிடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். அணி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தனக்கு வாய்த்த ஒரே வீரக் கதையைத் தானே போட்டு உடைக்க எத்தனை பேரால் முடியும்? கேட்டுக்கொண்டிருந்த பட்டதாரி, ஜன்னல் கம்பியை மறந்தே போனான்.

மாமா செருப்பைத் துடைத்தபடி, "இந்தக் கோப்பையை நீயே வெச்சுக்கடா," என்று நெட்டையிடம் சொன்னாராம். வழக்கம் அன்றோடு ஒழிந்துவிடவில்லை. அடுத்த வருடம் யாரோ ஒரு ஜக்கைக் கொண்டுவந்தார்கள். ஆனால் புதுப் பையன் 'வேணாம்ணே' என்றான். அவன் பக்கத்தில் போய்த் தம்பி நின்றான்.

நெட்டைக்கு இப்போது முப்பது வயது. சொந்தப் பட்டறை, இரண்டு வெல்டிங் மெஷின். தம்பி பஸ் ஓட்டுகிறான். அம்மா அவர்களோடுதான் இருக்கிறாள். ஞாயிறு தோறும் நெட்டை அதே மைதானத்தில் கோல் காக்கிறான்.