பச்சை உடை வரும் பக்கம்

பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் வாயில் ‘அடுத்து’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அப்படித்தான். குக்கரை இறக்கினால் அடுத்து, துணியை உலர்த்தினால் அடுத்து. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரி ஓடுகிறாள் என்று புருஷன் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பேர் வைத்திருந்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த எக்ஸ்பிரஸிடம்தான் மாமியார் ஒரு தடித்த பழைய நாவலை நீட்டினாள். மாமியார் தையல்காரி. துணியை ஜன்னலோரம் ஒருமுறை பிடித்துப் பார்த்தால் போதும், அதே நிற நூல்கண்டை எடுத்துவிடுவாள். போன வருஷம் அவளுக்குப் பார்வை முழுசாகப் போய்விட்டது.

“காலை ஷிஃப்ட் முடிஞ்சு வந்து மத்தியானத்துல கொஞ்சம் படிச்சுக் காட்டும்மா. இந்தக் கதையில உடுத்தறது, விரிக்கறது எல்லாம் நிறம் நிறமா எழுதியிருக்காம். எனக்கு ஒவ்வொரு நிறமா மறந்துக்கிட்டு வருது. காதுல விழுந்துக்கிட்டே இருந்தா நிக்கும்னு தோணுது.”

“சரி அத்தை” என்றாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பாதிதான் காதில் வாங்கினாள்.

படிக்கத்தான் படித்தாள். ஆனால் கதாநாயகி மாடிப்படி இறங்க ஒரு பக்கம், அவள் உடைக்கு ஒரு பக்கம், திரைச்சீலைக்கு அரைப் பக்கம் என்று எழுதித் தள்ளியிருந்த அந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது. வேலைக்கு ஓடுகிறவளுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? யார் வந்தார், யார் போனார், என்ன பேசினார்கள், அது போதாதா? நிறம் வந்த இடத்தையெல்லாம் தாண்டினாள். குரலில் தடங்கலே தெரியாமல் தாண்டுவதில் கெட்டிக்காரியாகவும் ஆகிவிட்டாள்.

“இவ்வளவுதானா?” என்று மாமியார் சில சமயம் கேட்பாள்.

“அவ்வளவுதான் அத்தை.”

ஒரு மாதம் கழித்து நாத்தனார் வந்தாள். மகளிடம் மாமியார் குறைப்பட்டுக்கொண்டாள். “உங்க அண்ணி நல்லாத்தான் படிக்கிறா. எழுதினவன்தான் கஞ்சன். ஒரு நிறம்கூடச் சொல்லல. அந்தப் பொண்ணும் சரியான கல்நெஞ்சுக்காரி. கட்டிக்கப்போறவன் வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டான், ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது!”

நாத்தனார் சிரித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்து, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து வாய்விட்டுப் படித்தாள்:

‘அவன் வரும் நாளுக்கென்று தைத்த பச்சை உடையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். சாம்பல் நிறத்தை உடுத்திக்கொண்டு வந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். பிறகு அவள் பச்சை உடுத்தவே இல்லை.’

டீத் தட்டோடு அறை வாசலில் நின்றவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளே அதை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள். கல்நெஞ்சுக்காரியா அந்தக் கதாநாயகி? அந்தப் பெண்ணின் அழுகையைத்தான் இத்தனை நாள் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள்.

“என்ன அண்ணி, இதெல்லாம் படிக்கலையா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். “படிச்சா, படிச்சா. நான்தான் அசந்துட்டேன் போல. சாப்பிட்ட மயக்கம்.”

பெற்ற மகளிடம்கூட அவளை விட்டுக்கொடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இது அவளைக் கூனிக்குறுக வைத்துவிட்டது. சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். கண் தெரியாதவளை ஏமாற்றியிருக்கிறோம், அதுவும் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து.

மறுநாள் மத்தியானம் கூப்பிடாமலேயே போய் உட்கார்ந்தாள். “முதல்லேருந்து படிக்கிறேன் அத்தை.”

மாமியார் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

‘அவள் இளம்பச்சை உடையில் படியிறங்கி வந்தாள்…’

“இரு.” மாமியார் கையைத் தூக்கினாள். விரல்கள் மடியில் எதையோ தேடுவது போல அசைந்தன. அவள் காத்திருந்தாள். ‘அடுத்து’ என்று சொல்லவில்லை.

“மஞ்சள் வருது. சிவப்பு வருது. பச்சை வரமாட்டேங்குதும்மா” என்றாள் மாமியார். பிறகு, குறை சொல்கிற குரலே இல்லாமல் சொன்னாள்:

“போன மாசம்கூட இருந்துச்சு.”