நாலடி உயரத்துக்கு ஒரு பம்பு

மகன் வாங்கிய மீன் தொட்டி எங்கள் கூடத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் நானும் என் மனைவி தேசம்மாளும் ஒரு சோபாவும் அட்ஜஸ்ட் செய்துகொண்டிருக்கிறோம். மேலே கண்ணாடித் தொட்டி, கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. மேலிருந்து வழிகிற தண்ணீர் கீழே வடிகட்டியில் இறங்கும். அதை மறுபடி மேலே அனுப்ப ஒரு பம்பு வேண்டும். ரிட்டர்ன் பம்பு என்கிறான். இரண்டு பெட்டிகளை என் முன்னால் வைத்து, "நைனா, நீ ஆயுசெல்லாம் பம்போட குடும்பம் நடத்துன ஆளு, எது நல்லதுன்னு சொல்லு" என்றான். குடும்பம் நடத்தியது உன் அம்மாவோடு என்று சொல்ல வாயெடுத்து, அவள் எதிரே உட்கார்ந்திருந்ததால் மூடிக்கொண்டேன். அவளுக்குக் காது கேட்காமல் போய் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் என் உதடு அசைந்தாலே போதும், குற்றப்பத்திரிகை தயாராகிவிடும்.

ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கறுப்பு உருண்டையை மூக்கருகே கொண்டுபோனேன். மகன், அது முலாம்பழம் இல்லை என்றான். அவனுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த பம்புகளுக்கெல்லாம் வாசனை உண்டு. வார்னிஷ், கிரீஸ், கொஞ்சம் கருகல். இது குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை ஷெட்டுகள் முளைத்துக்கொண்டிருந்த நாட்களில், நான் ஒரு லேத்துப் பட்டறையில் பிட்டர். இரும்பு வெட்டும்போது சூடேறாமல் இருக்க, பால் மாதிரி வெள்ளையான எண்ணெய்த் தண்ணீர் அதன்மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அது தட்டில் விழுந்து, சல்லடையில் வடிந்து, கீழே டப்பாவுக்குப் போக, ஒரு சின்ன பம்பு அதைத் திரும்ப மேலே ஏற்றும். அந்த நாற்றம் எங்கள் தோலிலேயே ஊறிவிட்டது. கல்யாணத்தன்று சந்தனம் அப்பியும் பயனில்லை; தாலி கட்டக் குனிந்தபோது தேசம்மாள் மூக்கைச் சுளித்தாள். மீன் கூடைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு என்மேல் நாற்றமாம்!

அவள் பழவேற்காட்டு உப்பு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. நாங்களும் மீன்பிடிக்கிற வழிதான், ஆனால் அப்பா காலத்திலேயே வலையை விட்டுவிட்டு மணவாள நகருக்கு வந்துவிட்டோம். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. கல்யாணமானதும் கும்மிடிப்பூண்டியிலேயே, பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடித்தனம் வைத்தேன். லாரிச் சத்தம் உண்டு, ஆலைச் சங்கு உண்டு, புழுதி நிறைய உண்டு. தண்ணீர் மட்டும் குழாயடியில் வரிசை கட்டினால்தான். அவளுக்குத் தூக்கமே வரவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

"தண்ணி சத்தமே இல்லாத ஊரு இன்னா ஊருய்யா? ஆடிக்கு எங்க ஊட்டுக்குப் போவேன்ல, அப்டியே இருந்துக்குறேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியில் பாதிப் புடவைகள் பிரிக்காமலே கிடந்தன.

ஆடிக்குள் என் வீட்டுக்கு ஏரியைக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். ஜன்னல் கண்ணாடியையும் ஆங்கிள் இரும்பையும் வைத்து, கட்டில் நீளத்துக்கு ஒரு தொட்டி கட்டினேன். வேறு எதுவும் தெரியாததால் லேத்தை அப்படியே காப்பியடித்தேன்: மேலே தொட்டி, வழிய ஒரு குழாய், கீழே மணலும் கூழாங்கல்லும் போட்ட சிமென்ட் தொட்டி, திரும்ப ஏற்ற ஒரு பம்பு. தேசம்மாளின் தம்பி பழவேற்காட்டிலிருந்து அலுமினியக் குடத்தில் மடவை மீன் குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு, பொன்னேரி வரை பஸ்ஸிலும் அப்புறம் ரயிலிலும் தளும்பத் தளும்ப வந்தான். அவள் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் உப்பு போடு, இன்னும் போடு என்று, ஏரியின் ருசி வரும்வரை கல்லுப்பைக் கரைக்க வைத்தாள்.

பம்புதான் மிச்சம். பட்டறைக்காரன் புத்தி எப்படி வேலை செய்யும் தெரியுமா? பம்பு நல்லதா என்று பார்க்க, தண்ணீரை எவ்வளவு தூரம் பீய்ச்சுகிறது என்று பார்ப்போம். நண்பன் டேனியலும் நானும் காயலான் கடையில் ஒரு பெரிய கிணற்று பம்பைப் போட்டுப் பார்த்தோம். தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக் கோழிகளைக் குளிப்பாட்டியது. இதுதான் என்று கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தோம். ஏற்ற வேண்டிய உயரம் நாலடி. ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாண அடுப்பு மூட்டிய கதை.

சுவிட்ச் போட்டதும் சுவர் அதிர்ந்தது. தண்ணீர் எதிர்க் கண்ணாடியில் மோதி என் முகத்துக்கே திரும்பி வந்தது. ரிட்டர்ன் என்பதன் அர்த்தம் அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. மீன்களெல்லாம் அந்த வேகத்துக்கு எதிரே முட்டிக்கொண்டு நீந்தின. ஒன்று துள்ளி என் சட்டைப் பையருகே விழுந்தது. டேனியல், பார்த்தாயா, மீனுக்கெல்லாம் என்ன சுறுசுறுப்பு என்று பெருமைப்பட்டான்.

தேசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"முகத்துவாரம் தொறந்தா ஏரியில இப்டித்தான் தண்ணி ஓடும். மடவைங்க எதுத்துக்கினு கடலுக்குப் போவும். பாவம்யா, அதுங்க ஊட்ட உட்டுப் போவப் பாக்குதுங்க."

நான் பம்பை நிறுத்தினேன். அவள் டிரங்குப் பெட்டி பக்கம் என் கண் போனதை அவளும் பார்த்தாள்.

மறுநாளே கிணற்று பம்பைத் திருப்பிக் கொடுத்து, அதே கடையில் மூலையில் கிடந்த ஒரு லேத்து பம்பை எடுத்து வந்தேன். தினமும் என் மேல் நாற்றத்தைத் தெளித்த அதே ஜாதி. சலவை சோடா போட்டுக் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து எண்ணெயைப் போக்கினேன். நாலடிதான் ஏற்றும், அதற்குமேல் ஒரு சாண் கேட்டாலும் முனகும். உப்புத் தண்ணீரில் துரு ஏறும், அடிக்கடி கழற்றிச் சுரண்ட வேண்டும். ஆனால் சளசளவென்று, கரையில் கட்டிய படகை அலை தட்டுகிற மாதிரி விழுந்தது. அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். பம்பு ஓடுகிற மெல்லிய நடுக்கம். "ம்" என்றாள். அன்று தூங்கினாள்.

ஆடிக்குப் போனாள். என் மாமியார் வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆவணி பிறந்ததும் யாரும் போய் அழைக்காமல் தானே ரயிலேறி வந்து, வாசலில் நின்றபடி கேட்டாள்: "உப்பு பாத்தியா?"

அந்நாட்களில் சாயங்காலமானால் கரண்டு போகும். பம்பு நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். தொட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், ஆளுக்கொரு சொம்பு. மொண்டு மொண்டு உயரத் தூக்கி ஊற்றுவோம். அப்போதுதான் அவள் நிறையப் பேசுவாள். எந்தச் சித்தப்பன் வலை கிழிந்தது, யார் படகு யார் படகை முட்டியது. கரண்டு வந்த பிறகும் கொஞ்ச நேரம் ஊற்றிக்கொண்டிருப்போம். அந்த மடவைகள் என்ன ஆயின என்று மகன் கேட்டான். வளர்ந்ததும் குழம்பாயின. அவள் பாசம் தண்ணீர்ச் சத்தத்தோடு நின்றுவிடும்.

இப்போது அந்த ஒற்றை அறை இருந்த இடத்தில் ஒரு குடோன் நிற்கிறது. டேனியலும் இல்லை.

மகனிடம் சின்ன பம்பைக் காட்டினேன். கரண்டு கம்மி, நாலடிக்கு அது போதும். மாட்டி, சுவிட்ச் போட்டு, "கேக்குதா பாரு நைனா, சத்தமே இல்ல" என்று பூரித்தான். உண்மைதான். தண்ணீரும் சத்தமில்லாமல் வழிய ஏதோ குழாய் வைத்திருக்கிறான்.

தேசம்மாள் எழுந்து வந்தாள். மிக்சியோ வாஷிங் மெஷினோ, ஓடுகிறதா என்று இப்போதெல்லாம் கை வைத்துத்தான் பார்ப்பாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். நடுக்கம் இல்லை. இன்னொரு இடத்தில் வைத்தாள்.

"கரண்டு பூட்ச்சா?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரங்கள் உருண்டன. ஒரு சொம்போடு திரும்பி வந்து, தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். மகன் ஏதோ விளக்கப் போனான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றினாள்.

அந்தச் சத்தம் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது, அவளைத் தவிர.